மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது, எங்கே தேடுவது?

நீலக்கார்:
வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஆறு வயது ஆகிறது. லிட்டருக்கு 16.8 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 13.2-ல் வந்து நிற்கிறது. ஓட்டும் சாலைகள் அவைதான், ஓட்டுவதும் நான் ஒருவன்தான். என்ஜின் விளக்கு எரியவில்லை, இழுவையிலும் குறை சொல்ல முடியாது. சர்வீஸில் ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் மூன்றையும் மாற்றிவிட்டு "இனி சரியாகிவிடும்" என்றார்கள். ஆகவில்லை. அடுத்து இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் முனை) கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

நெடுஞ்சாலை நரி:
பெட்ரோல் பங்க்கை மாத்திப் பாருங்க ப்ரோ. பாதிப் பிரச்சினை பெட்ரோல்தான்.

ஸ்பேனர்14:
இன்ஜெக்டரைக் கடைசியில பாத்துக்கலாம் சார். இன்ஜெக்டர் அடைச்சா முதல்ல ஐடிலிங் நடுங்கும், காலையில ஸ்டார்ட்டிங் இழுக்கும், பிக்கப் திணறும். நீங்க சொல்றதுல அது எதுவும் இல்லை. வண்டி நல்லா இழுக்குது, ஆனா குடிக்குதுன்னா நான் தேடுற இடமே வேற.

மூணு விஷயம் சொல்லுங்க. மைலேஜ் ஒரேயடியா விழுந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சா? டவுன்ல மட்டும் குறையுதா, ஹைவேயிலயுமா? இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை நடந்துச்சு? டயர், பிரேக், பேட்டரி, ஏசி எதுவா இருந்தாலும் விடாம சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
அதற்கும் முன்னால் ஒன்று. இந்த 13.2 எப்படி வந்தது? டாஷ்போர்டு காட்டுவதா, நீங்களே போட்ட கணக்கா?

டாஷ்போர்டு எண் என்பது இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து வண்டியின் கணினி போடும் மதிப்பீடு. பல கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட அது போதும், உண்மையான அளவு தெரிய வேண்டுமென்றால் போதாது.

டேங்க் நிரப்பிக் கணக்குப் போடுவதிலும் ஓட்டை இருக்கிறது. தானாக நிற்கும் நாஸில் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், வேகமாக ஊற்றினாலும் முன்னதாகவே நின்றுவிடும். ஒன்றரை லிட்டர் தவறுகிறது என்று வையுங்கள். 35 லிட்டர் நிரப்பினால் அது 4 சதவீதப் பிழை. 10 லிட்டர் மட்டும் ஊற்றினால் அதே ஒன்றரை லிட்டர் 15 சதவீதப் பிழை ஆகிவிடும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று பதறுகிறவர்களில் பலர் இந்த 15 சதவீதத்தைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள்.

ஒரு டேங்க்கின் எண்ணை நம்பாமல், பல நிரப்பல்களின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும்தான் மிஞ்சும், நடுவில் உள்ளவை அடிபட்டுப் போகும்.

நெடுஞ்சாலை நரி:
நான் நாஸில் நின்ன பிறகும் கழுத்து வரைக்கும் ஊத்தச் சொல்லுவேன். கணக்கு துல்லியமா வரும்.

ஸ்பேனர்14:
கணக்கு வரும், கூடவே வேற செலவும் வரும் நரி. பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்க ஒரு கரி டப்பா இருக்கு, கேனிஸ்டர்ம்பாங்க. கழுத்து வரைக்கும் ஊத்தினா ஆவிக்குப் பதிலா பெட்ரோலே அதுக்குள்ள போய் ஊறிடும். அந்த ஆவியை என்ஜினுக்கு அனுப்புற பர்ஜ் வால்வும் சேர்ந்து கெட்டா, பெட்ரோல் போட்டுட்டுக் கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். முதல் கிளிக்கோட நிறுத்துங்க.

நீலக்கார்:
13.2 நான் போட்ட கணக்குதான். வண்டி வாங்கியதிலிருந்து கிலோமீட்டரும் லிட்டரும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கணக்குப்பிள்ளை சொன்னபடி மொத்தமாக வகுத்துப் பார்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை, 13.2-தான்.

ஸ்பேனர் சாருக்கு: நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முதலில் 16.8-லிருந்து 15.6-க்கு ஒரேயடியாக விழுந்திருக்கிறது. அதன் பிறகு மெல்ல மெல்ல 13.2 வரை. டவுனிலும் குறைவுதான், ஆனால் ஹைவேயில்தான் அதிகம் அடிபடுகிறது. முன்பு ஹைவேயில் 19-ஐத் தொடும், இப்போது 15-ஐத் தாண்டுவதே இல்லை.

வேலை என்றால், அந்த முதல் இறக்கத்தை ஒட்டித்தான் நான்கு டயரும் மாற்றினேன். கொஞ்சம் பெரிய அளவு போட்டால் சொகுசாக இருக்கும் என்றார்கள். பழையது 175/65 ஆர்14. இப்போது 185/70 ஆர்14.

கணக்குப்பிள்ளை:
அப்படிப் போடுங்கள். முதல் திருடன் இங்கே இருக்கிறான், அதுவும் பெட்ரோலைத் திருடாத திருடன்.

14 அங்குல ரிம் என்றால் 355.6 மி.மீ. பழைய டயரின் பக்கச் சுவர் 175-ல் 65 சதவீதம், அதாவது 113.75 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் மொத்த விட்டம் 583.1. புதிய டயரின் பக்கச் சுவர் 185-ல் 70 சதவீதம், 129.5 மி.மீ. மொத்த விட்டம் 614.6. உங்கள் சக்கரம் 5.4 சதவீதம் பெரிதாகிவிட்டது.

ஓடோமீட்டருக்குச் சாலை தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். அது 100 கி.மீ. என்று எழுதும்போது நீங்கள் ஏறக்குறைய 105.4 கி.மீ. போயிருக்கிறீர்கள். ஆக உங்கள் 13.2 உண்மையில் 13.9. பழைய டயர் தேய்ந்தது, புதியது முழு ரப்பரோடு இருப்பது என்ற வித்தியாசத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 8 மி.மீ. ரப்பருக்கும் 2 மி.மீ. ரப்பருக்கும் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம், இந்த அளவு டயரில் அதுவே 2 சதவீதம்.

இன்னொன்று, வேகத்திலும் அதே 5.4 சதவீதம் மறைகிறது. முள் 90 காட்டும்போது முன்பு ஓடியதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும், எனவே 5.4 சதவீத வேகம் 11 சதவீதம் கூடுதல் எதிர்ப்பு. ஹைவேயில் அதிகம் அடிபடுவதற்கு இதுவும் ஒரு பங்கு.

நெடுஞ்சாலை நரி:
அப்போ 0.7 வெறும் கணக்குப் பிழைதானா! மீதி 2.9 எங்க போச்சு?

ஸ்பேனர்14:
அதைத்தான் இப்போ பாக்கணும். ஹைவேயில அதிகமா குறையறது நல்ல அடையாளம், பாதி சந்தேகத்தை அதுவே கழிச்சு விட்டுடும். ஐடிலிங் கூடியிருந்தாலோ, ஏசி கம்ப்ரசர் ஓயாம ஓடினாலோ, டிராஃபிக்ல நிக்கறது அதிகமானாலோ அடி டவுன்ல விழும். சீரான வேகத்துல போகும்போது அடி விழுதுன்னா, ஒண்ணு வண்டியை ஏதோ பிடிச்சு இழுக்குது, இல்லை என்ஜின் சரியான சூட்டுல ஓடலை.

வேலை ரெண்டு சார்.

ஒண்ணு, சக்கரச் சூடு. காலியான ரோட்டுல ஒரு இருபது நிமிஷம் ஓட்டுங்க. கடைசிக் கொஞ்ச தூரத்துல பிரேக்கே மிதிக்காம, ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டி தானா மெதுவாகி நிக்கட்டும். இறங்கி நாலு சக்கரத்து ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க. டிஸ்க்கைத் தொட்டுடாதீங்க, பொசுங்கிடும். தூரத்துல இருந்து சூடு பாக்குற மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. முன்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும், பின்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுது. பேடை டிஸ்க்குல அழுத்துற காலிபரோட பின் கிரீஸ் காஞ்சு இறுகியிருக்கும், இல்லேன்னா பிஸ்டன் துரு பிடிச்சிருக்கும். பின் சக்கரம்னா ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்க.

ரெண்டு, ஸ்கேனர். டாஷ்போர்டுக்குக் கீழ இருக்குற ஓபிடி சாக்கெட்ல மாட்டுற சின்னக் கருவி போதும், போன்ல பாத்துக்கலாம். நல்லா சூடான பிறகு கூலண்ட் (என்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) டெம்பரேச்சர், ஷார்ட் ட்ரிம், லாங் ட்ரிம் மூணையும் எழுதிட்டு வாங்க. ட்ரிம்னா கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு. ஷார்ட் அந்த நேரத்துது, லாங் நாள்பட்டது. டவுன்ல ஒரு தடவை, ஹைவேயில ஒரு தடவை.

சும்மா வாசிப்பவள்:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஏர் ஃபில்டர் மாற்றியும் மாற்றமில்லை என்றாரே, எல்லோரும் மைலேஜ் குறைந்தால் முதலில் ஏர் ஃபில்டர் என்றுதானே சொல்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
சொல்கிறார்கள். கார்புரேட்டர் காலத்து உண்மை அது. காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் பெட்ரோலை அதே கையால் ஊற்றும், கலவை கெட்டியாகும், மைலேஜ் போகும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வந்த காற்று எவ்வளவு என்று சென்சார் அளந்து சொல்கிறது, அதற்கேற்ற பெட்ரோல்தான் போகிறது. ஃபில்டர் அடைத்தால் நீங்கள் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்துவீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்து, நவீன இன்ஜெக்ஷன் வண்டிகளில் அடைத்த ஃபில்டரால் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமாகிறது என்று எழுதியது.

நெடுஞ்சாலை நரி:
ஆய்வகம் என்ன வேணா சொல்லட்டும், நான் ஃபில்டர் மாத்தினதும் வண்டி பறந்துச்சு.

கணக்குப்பிள்ளை:
பறந்ததை நான் மறுக்கவில்லையே. ஆய்வகமும் அதைத்தான் சொல்கிறது. மைலேஜ் கூடியதா என்பதுதான் கேள்வி.

ஸ்பேனர்14:
ஃபில்டரை மாத்த வேணாம்னு யாரும் புரிஞ்சுக்காதீங்க. தூசி உள்ள போனா சிலிண்டர் தேயும், அதுக்காக மாத்தணும். மைலேஜுக்காக மாத்துறேன்னு சொல்லிப் பில் போட்டாத்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

சும்மா வாசிப்பவள்:
புரிந்தது. எனக்கும் ஒரு சந்தேகம். என் காரும் முன்பைவிடக் குறைவாகத்தான் கொடுக்கிறது. ஆனால் வண்டியில் எதுவும் மாறவில்லை, வேலைதான் மாறியது. முன்பு அலுவலகம் 20 கி.மீ. தூரம், இப்போது 4 கி.மீ. கிட்டே வந்தால் மைலேஜ் குறையுமா?

ஸ்பேனர்14:
குறையும்மா, நிச்சயமாக் குறையும். என்ஜின் சூடேறி முடிக்கறதுக்குள்ள நீங்க ஆபீஸ் போய்ச் சேந்துடறீங்க. குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி வேணும்னே கூடுதல் பெட்ரோல் கொடுக்கும், ஆயில் கெட்டியா இருக்கும், சைலன்சர் பக்கம் இருக்குற, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்டையும் சூடேத்த வேண்டியிருக்கும். 20 கி.மீ. ஓட்டும்போது இந்த முதல் நாலு கிலோமீட்டர் நஷ்டம் அஞ்சுல ஒரு பங்கு. இப்போ ஓட்டமே அந்த நாலு கிலோமீட்டர்தான். வண்டியில கோளாறு ஒண்ணும் இல்லை. சாயங்காலம் கடை, ட்யூஷன்னு தனித்தனியா எடுக்காம ஒரே சுத்துல முடிச்சிட்டு வாங்க, சூடான என்ஜின் சூடாவே ஓடும்.

கணக்குப்பிள்ளை:
குளிர் பிரதேசத்தில் இது இன்னும் கடுமை. மைனஸ் 7 டிகிரியில் டவுனுக்குள் ஓட்டும் பெட்ரோல் கார், 25 டிகிரியில் ஓடுவதைவிட 15 சதவீதம் குறைவாகக் கொடுக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டங்களில் அது 24 சதவீதம் வரை போகலாம் என்கிறார்கள்.

நீலக்கார்:
சோதித்துவிட்டேன்.

சக்கரம்: முன் இடதுபக்கம் மட்டும் தனியாகச் சுடுகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தோம். வலது டிஸ்க் 58 டிகிரி, இடது 121. பின் இரண்டும் ஏறக்குறைய சமம்.

ஸ்கேனர்: டவுன் டிராஃபிக்கில் கூலண்ட் 88 வரை ஏறுகிறது. ஹைவேயில் ஏறி ஓட ஆரம்பித்ததும் இறங்கி 66-க்கும் 71-க்கும் நடுவில் நிற்கிறது. லாங் ட்ரிம் பிளஸ் 2. ஷார்ட் ட்ரிம் பிளஸ் 4, மைனஸ் 4 என்று ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் டாஷ்போர்டில் என்ஜின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு எப்போதோ அணைந்துவிடுகிறது. அப்படியென்றால் சூடாகிவிட்டது என்றுதானே பொருள்?

ஸ்பேனர்14:
ரெண்டுமே மாட்டிக்கிச்சு சார்!

நீல விளக்கு சீக்கிரமே அணைஞ்சிடும். வண்டி ஓட்டற அளவுக்குச் சூடாச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும், முழுச் சூட்டுக்கு வந்துடுச்சுன்னு இல்லை. முள் இருக்குற வண்டியிலயும் அப்படித்தான், பரந்த ஒரு எல்லைக்குள்ள எங்க இருந்தாலும் முள் நடுவுலயே நிக்கும்.

நிக்கும்போது சூடு ஏறி, ஓடும்போது இறங்குதுன்னா அது தெர்மோஸ்டாட்தான், திறந்த நிலையிலயே மாட்டிக்கிச்சு. நல்ல தெர்மோஸ்டாட் 80, 90 டிகிரி பக்கம் வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. உங்களோடது எப்பவும் விடுது. ஹைவே காத்து ரேடியேட்டர்ல அடிக்க அடிக்க என்ஜின் குளிருது. சில வண்டியில இதுக்கு ஸ்கேனர்ல பி0128-ன்னு கோளாறு எண் வரும், சிலதுல ரொம்ப நாள் வராமலே ஓடும்.

இடது காலிபரைக் கழட்டிப் பின்னைப் பாருங்க. அந்தப் பக்கம் பேட் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்காது, பந்தயம்.

இயந்திரன்:
ஒரு எதிர்க்கேள்வி. 66 டிகிரியில் வண்டி குளோஸ்டு லூப்பில்தான், அதாவது சென்சார் சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைத் திருத்தும் நிலையில்தான் இருக்கும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் வேலை செய்கிறது, ட்ரிம் பிளஸ் 2 என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது கலவை 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற சரியான விகிதத்தில் எரிகிறது. கலவை சரியாக இருக்கும்போது தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்வது எப்படி? பெட்ரோல் எங்கே கூடுதலாகப் போகிறது?

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. ஆனால் 14.7 என்பது விகிதம், அளவு அல்ல. குளிர்ந்த என்ஜினில் ஆயில் கெட்டி, பிஸ்டன் உராய்வு கூடுதல். அதே 90-ல் ஓட என்ஜின் கூடுதல் சக்தி எடுக்க வேண்டும், அதற்குக் கூடுதல் காற்றை இழுக்கும், அந்தக் காற்றுக்குச் சரியான விகிதத்தில் கூடுதல் பெட்ரோல் போகும். ட்ரிம் அசையவே அசையாது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் இதே கதைதான், காற்றுக் குறைந்த டயர் என்றாலும் இதே கதைதான். எரிவது ஒழுங்காக எரிகிறது, எரிந்து வந்த சக்தி வழியில் வீணாகிறது.

சில வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் பெட்ரோலை அடியோடு நிறுத்தும் வசதி, என்ஜின் போதிய சூட்டுக்கு வராவிட்டால் முழுமையாகச் செயல்படாது.

இயந்திரன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெர்மோஸ்டாட் ஒன்றுக்கே 20 சதவீதம் போகும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டேன்.

ஸ்பேனர்14:
யாரும் அப்படிச் சொல்லலை சார், அவருக்கு டயர், பிரேக், தெர்மோஸ்டாட்னு மூணு இடத்துல மைலேஜ் போகுது.

ட்ரிம் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லிடறேன், படிக்கறவங்களுக்கு உதவும். ட்ரிம் பத்துக்குள்ள ஆடிக்கிட்டு மைலேஜ் மட்டும் விழுந்தா என்ஜினை விட்டுடுங்க, சக்கரம், பிரேக், கிளட்ச், சூடு, சுமைன்னு தேடுங்க. ட்ரிம் மைனஸ்ல 15, 20-ன்னு நின்னா எங்கயோ பெட்ரோல் கூடுதலா வருது, கணினி அதைக் குறைக்கப் பாக்குது. ஒழுகுற இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு, ஏறிப்போன பெட்ரோல் பிரஷர், காத்தை நிஜத்தைவிடக் கூடுதலாக் காட்டுற சென்சார் இதெல்லாம் வரும்.

பிளஸ்ல 15, 20 நிக்கறதுதான் ஏமாத்து வேலை. நிஜமாவே காத்து கூடுதலா உள்ள வருதா, இல்லை சென்சார் பொய் சொல்லுதான்னு பிரிச்சுப் பாக்கணும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் பைப்புல ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போகும், சென்சார் "பெட்ரோல் பத்தலை"ன்னு கத்தும், கணினி இன்னும் ஊத்தும். ஒரு பிளக் சரியா அடிக்கலைன்னாலும் அப்படித்தான். அந்த சிலிண்டர்ல எரியாத ஆக்சிஜன் வெளிய வரும், அதைப் பாத்துட்டு கணினி நல்லா ஓடற மத்த மூணு சிலிண்டருக்கும் சேத்து ஊத்தும். வயசான ஆக்சிஜன் சென்சார் மந்தமாகிட்டா ட்ரிம் பாக்க நல்லாத்தான் இருக்கும், வண்டி குடிச்சுக்கிட்டே இருக்கும். நல்ல சென்சார்னா வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல சுறுசுறுப்பா ஏறி இறங்கணும்.

நெடுஞ்சாலை நரி:
எல்லாரும் கேக்கறாங்க, நானும் கேட்டுடறேன். என் வண்டி ஹைவேயில எப்பவும் சொன்ன மைலேஜ் தராது. 110, 120-ல போவேன். மேல லக்கேஜ் கேரியர் பெட்டி இருக்கு, டூர் போனப்ப மாட்டினது, கழட்டலை. டயர் காத்து எப்பவோ செக் பண்ணினது.

கணக்குப்பிள்ளை:
பங்கை மாற்றச் சொன்னவர் நீங்கள்தானே?

அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு 120-ல் போவது, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதுதான். பெரிய கூரைப் பெட்டிக்கு டவுனில் 2 முதல் 8 சதவீதம் வரை போகும், அதிவேகச் சாலையில் 10 முதல் 25 சதவீதம் வரை போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் அளவு. காலிப் பெட்டியும் காற்றைத் தடுக்கும். டயர் காற்று அதைவிடச் சின்ன விஷயம், நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம். ஆனால் 8 பிஎஸ்ஐ குறைந்திருந்தால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல், கூடவே டயரும் ஓரத்தில் தேயும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

நெடுஞ்சாலை நரி:
கழட்டிடறேன் சாமி.

நீலக்கார்:
வேலை முடிந்தது. காலிபர் பின் இரண்டில் கீழ்ப் பின் அப்படியே இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் சார் சொன்னது சரி, உள்பக்கப் பேட் பாதிக்கும் மேல் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கம் ஏறக்குறைய புதிது. பின், ரப்பர் பூட், பேட் மாற்றி, அதற்குரிய சிலிகோன் கிரீஸ் போட்டார்கள். தெர்மோஸ்டாட்டும் மாற்றியாகிவிட்டது. "வெயில் நேரத்துக்கு இது இல்லாமலே ஓட்டலாம், கழட்டிவிடவா?" என்று அங்கே ஒருவர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஹைவேயில் கூலண்ட் 87-க்குக் கீழே இறங்குவதில்லை.

நோட்டுக் கணக்கு 15.4.

கணக்குப்பிள்ளை:
15.4-ஐ 1.054-ஆல் பெருக்குங்கள், 16.2. பழைய 16.8-க்கு 0.6 குறைவு. அகலமான டயர், கனமான டயர், புது ரப்பர் எல்லாம் உருளும்போது கூடுதல் சக்தி கேட்கும், அதற்கே பெரும்பங்கு போய்விடும். அதைத் தேடி இனி எதையும் கழற்ற வேண்டாம். அடுத்த முறை டயர் மாற்றும்போது பழைய அளவுக்கே போங்கள். விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு, நீங்கள் அதைத் தாண்டியிருக்கிறீர்கள்.

இயந்திரன்:
பெட்ரோலில் எத்தனால் கலப்பு கூடியிருந்தால் அதுவும் இருக்கலாமே? நரி சொன்ன "பெட்ரோல்தான்" என்பதில் இந்த ஒரு உண்மை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்தால் 3 சதவீதம் சுற்றி, 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் சுற்றி ஆற்றல் குறையும். எத்தனாலின் ஆக்டேன் கூடுதல் என்பதால், அதற்கென்றே கம்ப்ரஷன் கூட்டி வடிவமைத்த என்ஜின் இதில் ஒரு பகுதியை மீட்டுவிடும், பழைய என்ஜின் மீட்காது. ஆனால் கலப்பு மாறினால் மைலேஜ் மாறிய இடத்திலேயே நிற்கும். நீலக்கார் வண்டியில் நடந்ததுபோல் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகாது. இறங்கிக்கொண்டே போவது தேய்மானத்தின் குணம்.

டீசல்பிரியன்:
எல்லாம் பெட்ரோலாவே பேசறீங்க. நம்ம டீசலுக்கும் ஒரு வழி சொல்லுங்க. 1.5 டீசல், டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) உண்டு. டர்போ நல்லா இழுக்குது, புகை இல்லை. ஆனா 20 கொடுத்தது 16-தான் வருது. ஓட்டம் முழுக்க டவுன்தான், கிட்டக் கிட்ட. சில நேரம் ஐடிலிங் லேசா ஏறி நிக்கும், நிறுத்தின பிறகும் ஃபேன் சத்தமா ஓடும்.

ஸ்பேனர்14:
ஐடிலிங் ஏறுறது, நிறுத்தின பிறகும் ஃபேன் ஓடறது ரெண்டும் ரீஜெனரேஷன் நடக்குறதுக்கு அடையாளம். ஃபில்டர்ல சேர்ந்த கரியை எரிக்க கணினி கூடுதல் டீசல் அடிச்சு சைலன்சரைச் சூடேத்துது. ஹைவேயில நிம்மதியா ஓடினா எரிஞ்சு முடிஞ்சிடும். நீங்க டவுன்ல பாதியிலயே வண்டியை நிறுத்திடறீங்க, அடுத்த தடவை எடுக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். அந்த டீசல் எல்லாம் ஓட்டத்துக்கு உதவாத டீசல்.

மைலேஜை விடுங்க அண்ணே, முதல்ல வேற ஒண்ணு பாருங்க. சமமான தரையில நிறுத்தி, என்ஜின் ஆறின பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. எங்க நிக்குது?

டீசல்பிரியன்:
மேல் கோட்டைத் தாண்டி விரல் அகலம் இருக்கு. ஆயில் மாத்தினப்ப சரியா கோட்டுலதான் இருந்துச்சு. கூடியிருக்கு!

ஸ்பேனர்14:
ஆயில் தானா கூடாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலந்திருக்கு. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் டர்போவையும் காப்பாத்தாது. ஓட்டாதீங்க, ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டு அப்புறம் எடுங்க. ஸ்கேனர் போட்டு டிபிஎஃப்ல கரி எவ்வளவு சேர்ந்திருக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் பிரஷர் வித்தியாசம் எவ்வளவு, கடைசியா முழுசா முடிஞ்ச ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீட்டருக்கு முன்னாடின்னு எழுதிட்டு வாங்க. இன்ஜெக்டர் ரிட்டர்னையும் அளக்கச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் மத்ததைவிட அதிகமாத் திருப்பி விட்டா அதையும் சேத்துப் பாக்கணும்.